தொட்டி மேல் எழுதிய தேர்வு

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதலில் விதியைக் கேளுங்கள், அடிதடியை அப்புறம் சொல்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தில் ஐந்து முறை தோற்றவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். படித்த வருஷமெல்லாம் பாழ். கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் கொஞ்சம் மனமிரங்கி ஒரு சுற்றறிக்கை விட்டார்கள்: "நோய்த்தொற்றுக் காலத்தில் எழுதித் தோற்றால் அது வாய்ப்பாகக் கொள்ளப்படாது. எழுத வராதவர்க்கு வாய்ப்புக் கழியும்." பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? வெறும் தாளில் பதிவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினாலும் எழுதியதாகத்தானே அர்த்தம் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கீழச்செம்பாறையில் ஐந்தாம் வாய்ப்பில் நின்றவர்கள் இரண்டு பேர்: இஸ்ரவேல், உச்சிமாகாளி. இருவருக்கும் கணிதம் ஒன்றுதான் அரியர். ஊரிலிருந்தே எழுதி, தாளைப் படம் பிடித்து, பகல் ஒன்றரை மணிக்குள் போனில் ஏற்ற வேண்டும். அங்கே சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி உச்சியில்தான். உச்சிமாகாளியின் போனோ முந்தின நாளே செத்துப்போயிற்று. "என் போன்லயே ஏத்திக்கோ மாப்ள. முதல்ல நான், பெறவு நீ" என்று இஸ்ரவேல் வாக்குக் கொடுத்திருந்தான்.

பத்து மணிக்குத் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தார்கள். இஸ்ரவேல் முப்பத்திரண்டு பக்கம் எழுதித் தள்ளினான். உச்சிமாகாளிக்கு ஒரு கேள்வியும் பிடிபடவில்லை. எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டு வெயிலில் காய்ந்தான். ஒரு மணிக்கு இஸ்ரவேல் தன் பெயரில் உள்ளே நுழைந்து ஏற்ற ஆரம்பித்தான். ஒன்று இருபது ஆயிற்று. பாதிப் பக்கங்களோடு நின்றது நின்றதுதான்.

"ஏலே, நிறுத்துலே. எனக்கு ஒரே பக்கம். ஒரு நிமிஷம் போதும்."

"நிறுத்துனா முதல்லேர்ந்து ஏத்தணும்லே. என் பொழப்பே போயிரும்."

"அப்ப நான் சாகவா?" என்று கேட்ட உச்சிமாகாளி கையை ஓங்கிவிட்டான்.

முதல் குத்திலேயே இஸ்ரவேலின் முன்பல் இரண்டும் தெறித்தன. விழுந்தவன் மார்பில் முழங்காலை ஊன்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனைப் பிடுங்கினான். முப்பத்திரண்டு பக்கமும் பறந்து தொட்டியின் திறந்த வாய்க்குள் விழுந்தன. உச்சிமாகாளியின் ஒற்றைத் தாளில் இஸ்ரவேலின் ரத்தம். அந்த ரத்தத்தோடேயே படம் பிடித்து ஏற்றினான். மணி ஒன்று இருபத்தாறு.

மிச்சமிருந்த நாலு நிமிஷத்தில் இஸ்ரவேலும் ஒரு தாளில் எண்ணை எழுதி ஏற்றியிருக்கலாமே என்பீர்கள். வாயில் ரத்தம் கொட்டும்போது யாருக்கு ஐயா அந்தப் புத்தி வரும்? ஏணியில் கழன்று கிடந்த இரும்புக் கம்பியை உருவி, உச்சிமாகாளியின் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்தது. அதோடு விட்டானா? கை தொங்கிய பிறகும் தோளில் இரண்டு போட்டான். கீழே நின்றவர்கள் ஏறி வந்து பிரிக்காவிட்டால் அன்றைக்கு ஒரு பிணம் விழுந்திருக்கும். ஸ்டேஷனில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். இன்ன தேதி, இன்ன மணி, தேர்வு எழுதும்போது நடந்தது என்று எல்லாம் அதில் இருந்தது.

இனிதான் கூத்து. போனில் திறந்து கிடந்தது இஸ்ரவேலின் பெயர் அல்லவா? உச்சிமாகாளி தன் எண் எழுதிய தாளை அந்தப் பெயரிலேயே ஏற்றித் தொலைத்திருந்தான்!

தேர்வு அதிகாரி மங்கையர்க்கரசி இருவரையும் வரச் சொன்னார். ஒருவன் வாயில் தையல், ஒருவன் கையில் மாவுக்கட்டு. மேசையில் அந்தத் தாளின் படம், பக்கத்தில் போலீஸ் புகார்களின் நகல்.

"வந்தது ஒரு தாள். ஏறியது இஸ்ரவேல் பெயரில், எண் உச்சிமாகாளியுடையது. இது யாருடையதோ அவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மற்றவர் தேர்வுக்கு வரவில்லை என்று எழுதி, பெயரை அடித்துவிடுவேன். இஸ்ரவேல், நீ சொல்லுப்பா. இது உன் தாளா?"

ஆமாம் என்றால் பொய். ஆனால் அவன் படிப்புப் பிழைக்கும், பல்லை உடைத்தவன் ஒழிவான். இல்லை என்றால் மெய். ஆனால் பல்லை உடைத்தவன் பிழைப்பான், இவன் ஒழிவான்.

சொல்லுங்கள் பார்ப்போம், இஸ்ரவேல் என்ன பதில் சொல்வது சரி?

விடை: இல்லை என்பதே சரி, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. சுற்றறிக்கை "அனுப்பாதவர்" என்று சொல்லவில்லை, "எழுத வராதவர்" என்றுதான் சொல்கிறது. தேர்வு நேரத்தில் இவன் அங்கே இருந்தான் என்று அவனும், அவன் இருந்தான் என்று இவனும் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வராதவன் பல்லை யார் உடைக்க முடியும்? வராதவன் கையை யார் ஒடிக்க முடியும்? ஆக, இரண்டு பேருக்குமே வாய்ப்புக் கழியாது. பல்லுக்கும் கைக்கும் கோர்ட்டு தனியாக இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளட்டும். "தாள் அவனுதும்மா. ஆனா ரெண்டு பேரும் வந்தோம், அந்தப் புகாரைப் படிச்சுப் பாருங்க" என்று இஸ்ரவேல் பொக்கை வாயால் குழறிச் சொன்னான். உச்சிமாகாளி அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அந்த அறையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.