எல்லையில்லாத கட்டி

சங்கரபாண்டியன் பிடித்த பிடியை விடாத மனிதர். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, விடுமுறை கிடைத்தால் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வார். வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிட வயதில் சின்னவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார்.

ஆராய்ச்சி மீகடத்தி பற்றியது. திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் கறுப்புப் பீங்கான் அது. ஆனால் சார் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த வில்லைகளில் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அந்தக் குணம் படுத்துவிடும். பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பும் கொடுத்தாயிற்று. வருடக் கடைசிக்குள் உருப்படியாக ஒன்று வராவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருட உழைப்பும் பாழ்.

"எங்க தடுக்குது சார்?" என்றார் ஜெசிந்தா.

"துகளும் துகளும் ஒட்டுற எல்லையிலதான் மேடம். எல்லையையே ஒழிச்சிட்டு, ஒரே துகளா ஒரு கட்டி வளக்கப் போறேன்."

"வளங்க."

வளர்த்தார். உலையை உருகும் சூட்டுக்கு ஏற்றி, அவசரப்படாமல் ஆறவிட்டார். முதல் கட்டி வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. மனிதர் அசருவாரா? வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, தீபாவளியன்றும் உலைக்கு முன்னால்தான் இருந்தார். கடைசியில் ஒன்று தேறியது. தேடினாலும் ஒரு எல்லைக்கோடு கிடையாது. ஆக்சிஜன் உள்ளே இறங்கினால்தான் இந்தப் பீங்கான் மீகடத்தியாகும் என்பதால், வழக்கம்போல ஆக்சிஜன் உலையிலும் வைத்து எடுத்தார். அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சோதித்தார்கள். பழைய வில்லை அளவுக்குக்கூட மின்சாரம் ஓடவில்லை.

ஜெசிந்தா சுத்தியலை எடுத்தார். கட்டி மேல் ஒரே போடு.

ஓரத்துச் சில்லையும் நடுச் சில்லையும் நைட்ரஜனில் முக்கி, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். ஓரத்துச் சில்லு மீகடத்திக்கே உரியபடி காந்தத்தை விட்டு விலகி ஓடியது. நடுச் சில்லு பேசாமல் கிடந்தது.

"நடுவுக்கு ஆக்சிஜன் போகவே இல்ல," என்றார் சங்கரபாண்டியன்.

"எது வழியா போகும் சார்?"

அப்போதுதான் சாருக்கு உறைத்தது. பழைய வில்லைகளில் ஆக்சிஜன் எல்லைகள் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது.

"எல்லை இருந்தாலும் ஆகாது, இல்லன்னாலும் ஆகாதுன்னா நான் எங்க மேடம் போறது?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஜெசிந்தா பழைய வில்லை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டு எல்லைகளுக்குக் குறுக்கே மின்சாரத்தை அளக்க சார் முன்பு ஒட்டியிருந்த கம்பிகள் அப்படியே இருந்தன.

"இந்த எல்லையத் தாண்டி எவ்வளவு ஓடுச்சு?"

"ஒண்ணும் ஓடல."

"அடுத்த எல்லையத் தாண்டி?"

"அங்க நல்லா ஓடுச்சு. அளந்ததுல ஏதோ தப்புன்னு விட்டுட்டேன்."

"இப்பப் பாருங்க."

பார்த்தார். முதல் எல்லைக்கு இந்தப் பக்கத்துத் துகளில், அதன் அணு அடுக்கு எந்தத் திசையில் என்று காட்டும் வரிகள் மேலே போயின, அந்தப் பக்கத்து வரிகள் குறுக்கே போயின. இரண்டாவதில் எல்லை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இருபக்கத்து வரிகளும் ஏறக்குறைய ஒரே திசையில் போயின.

பிறகு எழுந்து உலையின் கதவைத் திறந்தார்.

"இன்னும் நாள் இருக்கு மேடம். திரும்ப ஆரம்பிக்கிறேன். எல்லைய எவ்வளவு குறைக்கணும்?"

"எல்லை கிடக்கட்டும் சார். துகளைத் திருப்புங்க."