மூன்று வீட்டுச் செம்மண் கோடுகள்

கணக்கு ரொம்பச் சின்னதுதான். ஆனால் ஒரு தெருவே சேர்ந்து அதைத் தப்பாகப் போட்டது. அதனால் நிதானமாகக் கேளுங்கள். விடையைப் படிப்பதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சென்னையில் கால்வாயை ஒட்டினாற்போல நுங்குத்தோப்புத் தெரு இருக்கிறது. மூன்று தடவை அதில் வெள்ளம் புகுந்திருக்கிறது. முதல் தடவை கால்வாய் உடைந்து வந்தது. இரண்டாவது தடவை புயலோடு வந்தது. மூன்றாவது போன வருஷம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்தது, அதுதான் பெரிசு. தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், சுவரைக் காட்டுவார்கள். தண்ணீர் வடிந்த அன்றைக்கே, கறை காய்வதற்குள், செம்மண்ணைக் குழைத்து உள்சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுவது அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் கோட்டை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

இந்த ஐப்பசியில் தெருச் சங்கம் தன் கட்டடத்துக்கு மேலே ஒரு அறை கட்டி முடித்தது. மழைக்காலம் முழுக்க ஒரு குடும்பம் அதில் தங்கிக்கொள்ளலாம். போன வெள்ளத்தில் யார் வீட்டுக்குள் தண்ணீர் அதிகம் நின்றதோ அவர்களுக்கே அறை என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அடுத்தடுத்து இருக்கும் மூன்று வீட்டுப் பெண்கள் பேர் கொடுத்தார்கள். சங்கச் செயலாளர் தணிகாசலம் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தரையிலிருந்து போன வெள்ளத்துக் கோடு வரைக்கும் அளந்தார்.

முதல் வீடு பரிமளாவுடையது. படியே கிடையாது, வீட்டுத் தரையும் ரோடும் ஒரே சமம். கோடு மூன்றடியில் இருந்தது. அவளுக்கு நாலு மாசக் கைக்குழந்தை.

அடுத்தது நூர்ஜகான் வீடு. ரோட்டிலிருந்து மூன்று படி ஏறினால்தான் தரை. அங்கே கோடு ஒன்றரை அடி. பிரசவத்துக்கு வந்த மகள் நிறைமாசமாக இருக்கிறாள்.

மூன்றாவது எஸ்தர் வீடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீடு பள்ளமாகிவிட்டது. ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். கோடு மூன்றடி. அவள் புருஷன் தேவசகாயம் வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். நடக்கிற தூரத்து ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிறார்கள்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு படியும் அரையடி.

பரிமளாவும் எஸ்தரும் சமமாக நின்றதில்தான் சண்டை மூண்டது. எஸ்தர் வீட்டுச் சுவரில் வெள்ளை புதுசாக இருந்தது.

"ஏன்க்கா, பொங்கலும் இல்ல, கிறிஸ்மஸும் இல்ல. உங்க சுவரு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்றாள் பரிமளா.

"ஓதம் ஏறிச்சு. அடிச்சேன்" என்றாள் எஸ்தர்.

"கோட்டுக்கும் ஓதமா?"

"அழிஞ்சுது. திரும்பப் போட்டேன்."

"எவ்ளோ ஏத்திப் போட்டீங்க?"

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு புருஷனுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அவள மட்டும் ஏம்மா கேக்குற? உன் மூணடிய மட்டும் யாரு கூட இருந்து பார்த்தா?" என்றாள் நூர்ஜகான்.

"ஒன்னரை அடி தண்ணிக்கு மாடி கேக்குறவங்க பேசக்கூடாது."

அன்றிலிருந்து தெருவில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்ப்பதில்லை. சல்லடை வேண்டும் என்று ஒரே நாளில் நாலு பேர் நூர்ஜகான் வீட்டுக்குப் போனார்கள். யாரும் சல்லடையைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் சுவரில்தான். எஸ்தரிடம் தைக்கக் கொடுத்திருந்த துணியைப் பாதியிலேயே திருப்பி வாங்கிப் போனார்கள். எஸ்தர் கோட்டை ஏற்றிப் போட்டுவிட்டாள் என்பதுதான் தெருவின் பேச்சு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அறையைப் பற்றி யாருக்கும் தெரியாத ஆவணி மாசத்தில், நோட்டும் கையுமாக சர்க்கார் ஆட்கள் இரண்டு பேர் வரப்போவதாகத் தெருவில் செய்தி வந்தது. நாலடியோ அதற்கு மேலோ தண்ணீர் நின்ற வீடுகளைக் காலி பண்ணி, ஆட்களை ஊருக்கு வெளியே ரொம்பத் தூரம் தள்ளி அனுப்பப்போகிறார்களாம். சொன்னபடி வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கோட்டைப் பார்த்தார்கள். இந்தத் தெருவில் அப்படி ஒரு வீடும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சண்டைக்கு மறுநாள் காலையில் தணிகாசலம் திரும்ப வந்தார். இந்தத் தடவை சுவர் பக்கமே போகவில்லை. மூன்று வாசலிலும் குந்தி உட்கார்ந்து படிகளை மட்டும் அளந்தார். கொஞ்ச நேரம் எஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றில் ஒரு கோடு பொய். அது யார் வீட்டுக் கோடு? எதற்காகப் போட்ட பொய்? அறை யாருக்குப் போக வேண்டும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: ஒரே தெருவில் நிற்கிற தண்ணீர் வீட்டுக்கு வீடு மேடு பள்ளமாக நிற்காது. பரிமளா வீட்டில் மூன்றடி என்றால் ரோட்டுக்கு மேலேயும் மூன்றடிதான். நூர்ஜகானின் மூன்று படியையும் ஒன்றரை அடியையும் கூட்டினால் அதே மூன்றடி வருகிறது. அவர்கள் இரண்டு பேரும் உண்மைதான். எஸ்தர் வீடு ஒரு அடி பள்ளம், அங்கே நாலடி நின்றிருக்க வேண்டும். அவள் கோட்டை ஏற்றவில்லை, இறக்கியிருக்கிறாள். நோட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால், படுத்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்குப் போகப் பயந்து போட்ட பொய் அது. அறை அவளுக்குத்தான். தணிகாசலம் சாவியை அவளிடமே கொடுத்தார். காரணம் சொன்னால் அந்த நோட்டில் அவள் வீடு ஏறிவிடும். அதனால், "படுத்த ஆள் இருக்கிற வீடு" என்று மட்டும் சொல்லி வைத்தார். "அவரு சட்டையெல்லாம் யாரு தைக்கிறான்னு போய்ப் பாருங்க" என்று குழாயடியில் இன்னும் பேசுகிறார்கள். அவர் காதில் விழாமல் இல்லை. பரிமளா அவரைக் கண்டால் குழந்தையின் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவள் கோடு உண்மையான கோடு. கணக்குத் தெரிந்த நீங்களும் அந்தத் தெருப் பக்கம் போனால் வாயைத் திறக்காதீர்கள்.