சித்தப்பா போட்ட ஐந்து கல்

பனிமலை ஏரி உறைந்து கிடந்தது. குட்டிகளின் ஜோடி நடனப் போட்டியைப் பார்க்க விலங்குகள் எல்லாம் கரையில் கூடிவிட்டன. ஜெயிக்கும் ஜோடி பெரிய மலையின் ஏரிக்குப் போய் ஆடலாம். நீர்நாய்க் குட்டி துள்ளிக்கும் அவள் அண்ணன் மின்னனுக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த குளிர்காலம் வந்தால் அவர்களைக் குட்டிகள் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

நடுவர்கள் மூவர்; ஆட்டத்துக்கு மதிப்பெண்ணாகக் கல் போடுவார்கள். ஒருவர் கரடி, ஒருவர் மான், மூன்றாமவர் நெடுவாலர் என்ற நீர்நாய். அவர் துள்ளியின் சித்தப்பா. பனியில் ஆடும் ஆட்டத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த மலையில் இல்லை. அதனால்தான் அவரை நடுவராக்கியிருந்தார்கள்.

கூர்மூக்கன் என்ற நரியின் குட்டிகளும் போட்டியில் இருந்தன. காலையில் துள்ளியும் மின்னனும் பயிற்சி செய்வதைப் பார்த்ததும் நரியின் முகம் சுண்டிவிட்டது. நேராகக் காகத்திடம் போனான்.

"காகமே, நான் யாரையும் குறை சொல்லவில்லை. அண்ணன் மகள் ஆடுகிறாள், சித்தப்பா கல் போடுகிறார். சும்மா கேட்கிறேன், இது நன்றாகவா இருக்கிறது?"

"அட, ஆமாம்!" என்றது காகம்.

காகத்தின் காதில் போட்டால் போதாதா? கொஞ்ச நேரத்தில் கரை முழுக்க அதே பேச்சு. "முடிவை வீட்டிலேயே பேசிவிட்டார்களாம்!" என்றது ஆடு. "நேற்று துள்ளி வீட்டிலிருந்து அவருக்கு மீன் போயிற்றாம்!" என்றது முயல். மீன் தின்னாத நீர்நாய் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை!

நெடுவாலர் வந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. அதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 'ஐயோ, என் நல்ல பெயர்!' என்று பதறினார்.

போட்டி தொடங்கியது. ஒவ்வொரு நடுவரும் ஒரு ஜோடிக்குப் பத்துக் கல்லுக்குள் போட வேண்டும்; அதிகக் கல் பெறும் ஜோடிக்கே வெற்றி. நரிக் குட்டிகள் நன்றாகவே ஆடின. ஒரு சுழற்சியில் மட்டும் பிடி நழுவிவிட்டது. மூன்று நடுவர்களும் ஆளுக்கு எட்டுக் கல் போட்டார்கள்.

பிறகு துள்ளியும் மின்னனும் ஆடினார்கள். எத்தனை வேகமாகச் சுழன்றும் கோத்த கை பிரியவில்லை. கரடி ஒன்பது கல் போட்டது. மானும் ஒன்பது போட்டது. எல்லாக் கண்களும் நெடுவாலர் மேல் திரும்பின.

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். ஐந்தே கல் போட்டார்.

"ஆகா! சொந்தம் என்று பார்த்தாரா? இவரல்லவா நடுவர்!" என்று கரையே ஆரவாரம் செய்தது. "அப்படியானால் ஒன்பது போட்ட மானுக்கு எத்தனை மீன் போயிருக்கும்?" என்று ஆடு முணுமுணுத்தது. மான் புல் தின்னும் என்பதுகூட அதற்கு மறந்துவிட்டது.

ஒரே ஒரு கல் வித்தியாசத்தில் நரிக் குட்டிகள் ஜெயித்தன.

துள்ளி அழவில்லை. சித்தப்பாவிடம் வந்து நின்றாள். "நாங்கள் எங்கே தப்பு செய்தோம், சித்தப்பா? சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்."

"தப்பு ஒன்றும் இல்லை, கண்ணு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று..."

"அப்படியானால் உங்கள் நல்ல பெயருக்காக எங்கள் கல்லையா எடுத்துக்கொண்டீர்கள்?"

நெடுவாலருக்கு அவமானமாக இருந்தது. கரடியிடம் ஓடினார். "தவறிவிட்டேன்! அவர்களுக்கு ஒன்பது கல் போட்டிருக்க வேண்டும்!"

"முடிவைச் சொன்ன பிறகு மாற்றக் கூடாது என்பது உமக்குத் தெரியாதா? இப்போது மாற்றினால் காகம் சொன்னது உண்மை என்றாகிவிடும்" என்று கரடி வருத்தத்தோடு தலையை ஆட்டியது.

பேச்சைத் தொடங்கியது நரிதான் என்று காகத்திடம் கேட்டறிந்த நெடுவாலர், கோபம் தாங்காமல் நரியிடம் போனார். "பாவி! என்னையா சந்தேகப்பட்டாய்?"

"சந்தேகமா? எனக்கா?" நரி சிரித்தான். "நீங்கள் நேர்மையானவர் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஐயா. வெட்கம் இல்லாதவர் என்றால் இந்தப் பேச்சை நீங்கள் சட்டை செய்திருப்பீர்களா? நான்தான் வாயை வீணாக்கியிருப்பேனா?"

சொல்லிவிட்டுத் தன் குட்டிகளை அழைத்துக்கொண்டு பெரிய மலைக்குக் கிளம்பிவிட்டான்.

வேண்டியவர் என்பதற்காகக் கூட்டிக் கொடுப்பது எவ்வளவு அநீதியோ, பழிக்குப் பயந்து குறைத்துக் கொடுப்பதும் அவ்வளவு அநீதியே.