செண்பகவல்லி மூக்குல மாட்டிக்கிட்ட திருகாணி

காத்துலகூட உப்புக் கரிக்கிற ஒரு ஊர்ல ஒரு அக்கா, அவளுக்கு ஒரு தங்கச்சி. அக்கா பேரு செண்பகவல்லி, தங்கச்சி பேரு முத்துப்பேச்சி. அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளைக. உப்பளத்துல உப்பு வாரி, அந்தக் கூலியில தங்கச்சியை ஆளாக்கினது அக்காதான். ம் சொல்லு, நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அவங்க அம்மா விட்டுட்டுப் போனது ஒரே ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி. அந்த வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பொண்ணு மூக்குல அந்த மூக்குத்தி ஏறின பிறகுதான் கழுத்துல தாலி ஏறணும். முன்னாடி போட்டிருக்கிறவ பொண்ணு மணமேடைக்குப் போற நேரத்துல கழட்டி, மூக்குச் சூடு ஆறுறதுக்குள்ள, தன் கையாலயே புதுப்பொண்ணுக்குப் போட்டுவிடணும். செண்பகவல்லி கல்யாணத்துல அம்மா அப்படித்தான் போட்டுவிட்டா. அப்புறம் அம்மா கண்ணை மூடிட்டா.

செண்பகவல்லிக்கு ஒரு பயம். குனிஞ்சு நிமிர்ற வேலையாச்சே, வெள்ளைக்கல்லு உப்புக் குவியல்ல விழுந்தா எங்க போய்த் தேடுறது? அதனால தினமும் வேலைக்குக் கிளம்பும்போது திருகாணியை ஒரு திருகு, கிர்ர்ர். திரும்பி வந்ததும் இன்னொரு திருகு, கிர்ர்ர். எத்தனை வருஷம் திருகினாளோ.

முத்துப்பேச்சிக்குக் கல்யாணமும் வந்துச்சு. பீப்பீ, டும்டும்டும். கூரைப்புடவை கட்டி, தலை கொள்ளாம பூ வச்சு, மூக்கை நீட்டிக்கிட்டு தங்கச்சி உட்கார்ந்திருக்கா. அக்கா தன் மூக்குல கையை வச்சா. திருகாணி அசையலை. மறுபடி முக்கிப் பாத்தா. ஊஹூம்.

அப்போ சித்தி வந்தா. "இதுக்கா இந்தப் பாடு? இங்க காட்டு"ன்னு தேங்காயெண்ணெயை சொதசொதன்னு ஊத்தினா. விரலு வழுக் வழுக். முன்னாடி கல்லும் சுத்துது, பின்னாடி திருகாணியும் கூடவே சுத்துது, ராட்டினம் மாதிரி. கழலத்தான் இல்லை.

ம்.

அப்புறம் தாய்மாமா வந்தாரு. "கல்லை நான் பிடிச்சுக்கிடுதேன், நீ திருகு"ன்னாரு. சித்தி, "எந்தப் பக்கம் திருகணும்?"னு கேட்டா.

"இடப்பக்கம்."

"உங்களுக்கு இடமா, எனக்கு இடமா?"

"மூக்குக்கு இடம்"னு சொல்லிட்டாரு அந்தப் புத்திசாலி. மூக்குக்கு எது இடம்னு யாருக்குத் தெரியும்? ஆளுக்கொரு பக்கம் திருகி, கிர்ர்ர், முன்னைவிட இறுக்கி வச்சுட்டாங்க. அக்கா மூக்கு தக்காளிப்பழமாச்சு.

அப்போ பந்தியில இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்த நகை ஆசாரியைக் கையைக்கூட கழுவ விடாம இழுத்துட்டு வந்தாங்க. அவரு குறடைப் போட்டு ஒரு பிடி பிடிச்சாரு. நறுக். திருகாணி ஓரமெல்லாம் நசுங்கி மொட்டையாயிடுச்சு.

"இனிமே பிடிக்க இடமில்லை தாயி. மூக்குத்தித் தண்டை வெட்டித்தான் எடுக்கணும்"னாரு.

"வெட்டினா இன்னைக்கு இவளுக்குப் போட முடியுமா?"னு அக்கா கேட்டா.

"திரும்பப் பத்த வச்சு ஒட்டித் தர ரெண்டு நாள் ஆகும்."

வெளியில இருந்து சத்தம் வருது, "நேரமாச்சு, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க". கல்யாண வீட்டுல அழக் கூடாதுன்னு அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டா. அவ அழுத்தக்காரி. அம்மா போனப்பகூட, சின்னவ பயந்துடுவான்னு அழாம நின்னவ.

அப்போ முத்துப்பேச்சி அக்கா கையைப் பிடிச்சா. "வெட்ட வேண்டாம்க்கா. அது அம்மா திருகிவிட்டது. நான் வெறும் மூக்கோட போய் உட்கார்ந்துக்கிடுதேன், ஊரு பேசினா பேசட்டும். இத்தனை நாளா எனக்காக நீ அழாம இருந்தது போதும், இன்னைக்கு அழுதுடு"ன்னா.

அவ்வளவுதான். மடை திறந்துச்சு. அக்கா அழுதா பாரு, ஓன்னு அழுதா. அம்மாவுக்கு அழ வேண்டியது, தங்கச்சி பிரிஞ்சு போறதுக்கு அழ வேண்டியது, எல்லாத்தையும் சேத்து அழுதா. கண்ணு ஒழுகுது, மூக்கும் ஒழுகுது, சர்ர் சர்ர்னு உறிஞ்சுறா. சித்தி புடவையைப் பத்தி யோசிக்கவே இல்லை, முந்தானையால மூக்கைப் பிடிச்சுவிட்டா. கரக். அக்கா அழுகையை நிறுத்தினா. மறுபடி தொட்டுப் பாத்தா. கரக், கரக். நகருது.

என்னாச்சு தெரியுமா? மூக்குக்குள்ள இத்தனை வருஷத்து உப்புப் போய் திருகாணி மரையில கல்லா இறுகியிருக்கு. உப்பு எண்ணெயில கரையுமா? உப்பு விளையிற ஊர்ல அது ஒருத்தருக்கும் தோணலை பாரு.

கண்ணீரும் உப்புதானேங்கிறியா? உப்புதான்டி. ஆனா அது சூடா, நிக்காம வந்து கரைச்சுடுச்சே. கிணத்துத் தண்ணியும் உப்பா இருக்கிற ஊர்ல வேற என்னத்தைக் கண்டுச்சு அந்த மூக்கு?

அப்புறம் திருகாணி டிங்னு கழண்டு தாம்பாளத்துல விழுந்துச்சு. "கழுவிட்டுப் போடுங்க"ன்னு மாமா கத்துறாரு. வெந்நீர்ல முக்கி எடுத்து, சூடு ஆறுறதுக்குள்ள அக்கா தன் கையாலயே போட்டுவிட்டா. பீப்பீ, டும்டும்டும், தாலி ஏறிடுச்சு.

அக்கா மூக்கு ஓட்டை தூந்து மூடிடக் கூடாதுன்னு சித்தி ஒரு வேப்பங்குச்சியை ஒடிச்சுச் செருகிவிட்டா. சிவந்த மூக்கு, அதுல பச்சைக் குச்சி, அந்தக் கோலத்துலதான் அக்கா பந்தியில பாயசம் ஊத்தினா. மாப்பிள்ளை பொண்ணுகிட்ட, "இந்த மூக்குத்தி உனக்கு ரொம்ப அழகா இருக்கு"ன்னாரு. முத்துப்பேச்சி பந்திப் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் குச்சியைப் பாத்தீங்களா, அதைவிடவா?"ன்னு கேட்டா.

ம் காணோமே. தூங்கிட்டியா? சரி, கதையும் படுத்துடுச்சு, நீயும் தூங்கு தங்கம்.