பறந்து வந்த செருப்பு

மருதங்குளத்துக்கு ஊரக மேம்பாட்டு நிதி கிடைக்கும் என்றதும், விண்ணப்பம் எழுதும் வேலை சிங்காரவேலிடம் வந்தது. அவர் அந்த ஊர்க்காரர். ஊரை ஒட்டிய மடத்தில், குருவுக்குச் சீடராகப் பாதி வயதைக் கழித்தவர். அன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

அவர் மடத்துக்குப் போனபோது குரு அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சது சாமி. 'திட்டத்தின் நோக்கம்'னு ஒண்ணுதான் பாக்கி."

"என்ன கட்டப் போறீங்க?"

"எண்ணெய்ச் செக்கு. கண்மாய்க் கரைக்குக் கீழே, புறம்போக்குல. கடலையை மூட்டையா விக்காம எண்ணெயா விக்கலாம்."

"ஊர் என்ன சொல்லுது?"

"ஒரே கூட்டம் சாமி. எதிர்த்து ஒரு குரல் இல்லை. காப்பி ஆறுறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். குருவின் கை நின்றது.

"அடிபம்பு போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

சிங்காரவேல் சிரித்துவிட்டார். அப்போது, பம்பு தெற்குத் தெருவில்தான் என்றார் உடையப்பன். வடக்குத் தெருவில்தான் என்றாள் இருளாயி. பொங்கலில் தொடங்கிய சண்டை சித்திரை வரை ஓடியது. சமாதானம் பேசப் போனார் குரு. உடையப்பன் செருப்பை எறிந்தார். இருளாயி குனிந்துகொண்டாள். குருவின் புருவம் கிழிந்தது. இருளாயிதான் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கட்டிக்கொண்டே, "குறி பார்த்து எறியத் தெரியலை, இவனுக்குப் பம்பு வேணுமாம்!" என்றாள்.

கடைசியில் பம்பு இரண்டு தெருவுக்கும் நடுவில் நின்றது. முதல் குடத்தை யார் பிடிப்பது என்று அன்றைக்கே அடுத்த சண்டை.

"இருளாயி இப்ப எங்கே?" என்றார் குரு.

"திருப்பூர்ல. மக கூட."

"உடையப்பன்?"

"சோலாப்பூர்ல முறுக்குக் கடை. குடும்பத்தோட போயிட்டாரு. வீடு பூட்டித்தான் கிடக்கு."

"அப்ப கூட்டத்துக்கு வந்தது யாரு?"

சிங்காரவேல் சற்று யோசித்தார். "இருக்கிறவங்க வந்தாங்க சாமி. ஒரு ஜமுக்காளம் போதுமா இருந்துச்சு."

குரு கையைத் துடைத்துக்கொண்டார். "உடையப்பனுக்குப் போன் போடு."

செய்தியைக் கேட்டதும் போன் அலறியது. குருவுக்கே கேட்டது.

"கண்மாய்க்குக் கீழேயா? எந்தக் கூறுகெட்டவன்பா சொன்னது? ஐப்பசியில முழங்கால் தண்ணி நிக்குமே! கடலை பூரா முளைச்சுப் போகும். ஒருத்தனும் வாயைத் திறக்கலையா? சிங்காரம், நான் வர்ற வரைக்கும் ஒரு கல்லை நடக் கூடாது. இப்பவே ரயில் ஏறுறேன். அந்த இருளாயி காதுக்கு மட்டும் போயிராமப் பார்த்துக்க. அவ வந்தா எதையும் கட்ட விடமாட்டா."

சிங்காரவேல் போனை வைத்தார்.

"இருளாயிக்கும் போடு" என்றார் குரு.

அவள் பேசியதை எழுத முடியாது. செக்கு வடக்குத் தெருவில்தான் என்பது அதன் சாரம். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாளாம்.

சிங்காரவேல் விண்ணப்பத்தை விரித்தார். "இடத்தை அப்புறம்கூட மாத்திக்கலாம் சாமி. நோக்கத்தை இன்னைக்கே எழுதணும். என்னன்னு எழுத?"

"சண்டை தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஊர்லயே இருக்கணும். அப்படின்னு எழுது."

"அது எங்கே சாமி தீரப் போகுது?"

குரு புருவத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"தீராதுல்ல?" என்றார்.