நெருப்பாத்துக்கு முன்னால கட்டின கொடி

எந்தக் காடுன்னு கேக்காதீங்க, ஒரு காடு. அந்தக் காட்டு ஓரத்து மலை ஒரு நாள் பெருசா ஏப்பம் விட்டுச்சு. வாயைத் திறந்து நெருப்புக் குழம்பைக் கக்க ஆரம்பிச்சுது. பொங்கின கஞ்சி பானையில வழியுற மாதிரி, செக்கச்செவேல்னு மெதுவா வழிஞ்சு, பள்ளத்துல ஆறா ஓடுச்சு.

புத்தியுள்ள மிருகமா இருந்தா என்ன பண்ணும்? எதிர்ப்பக்கம் ஓடும். இந்தக் காட்டு மிருகங்க வேடிக்கை பார்க்கக் கிளம்பிடுச்சுங்க. புதர்ல பூந்து திருட்டுத்தனமா போனதுல மயிலுக்குத் தோகை கருகுச்சு. முயலுக்கு மீசை பொசுங்குச்சு.

காட்டுக்குத் தலைவர் யானை. யார் எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராது அவருக்கு. கூட்டம் போட்டார்.

வாய்க்காரன் நரி முன்னால வந்துச்சு. "ஐயா, வேண்டாம்னு சொன்னா மட்டும் கேக்கப் போறாங்களா? எப்படியும் போறாங்க. நாமளே மேட்டுல ஒரு இடத்தைத் திறந்துவிட்டுடுவோம். குறுக்கால ஒரு காட்டுக்கொடியைக் கட்டுவோம். கொடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கட்டும்."

"ம்ம்ம்," யானை காதை ஆட்டினார். "நியாயமாத்தான் படுது."

ஆள்காட்டிக் குருவிக்கு இருப்புக் கொள்ளலை. ஆபத்தைக் கண்டா முதல்ல கத்துறது அதோட பிறவிக் குணம்.

"ஐயா, அது தண்ணி இல்லை. மேல கறுப்பா ஆடை கட்டி ஆறிப்போன மாதிரி நடிக்கும். அடியில கொதிச்சுக்கிட்டே ஓடும். எந்தப் பக்கம் பிச்சுக்கிட்டு வரும்னு யாருக்குத் தெரியும்? கொடி கட்டினா நெருப்பு நிக்குமா?"

"கொடி நெருப்புக்கு இல்லக்கா, நமக்கு"ன்னுச்சு நரி.

"ம்ம்ம்," யானை மறுபடியும் யோசிச்சார். "ஆபத்துன்னு சொன்னது நீதானே, ஆள்காட்டி? அப்ப பார்த்துக்கிற பொறுப்பையும் நீயே எடுத்துக்கம்மா. ஒருத்தருக்கு ஒரு மயிர் கருகினாலும் நீ காட்டை விட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்."

வேண்டாம்னு சொன்னவ தலையிலயே வேலை. குருவிக்கோ சரளைக் கல்லுக்கு நடுவுல முட்டையிட்டு அடைகாக்குற நேரம் அது. முட்டையைத் தூக்கிக்கிட்டுப் போக முடியுமா, விட்டுட்டுத்தான் போக முடியுமா? புருஷன்காரனை முட்டை மேல உக்கார வெச்சுட்டு, கொடிகிட்ட வந்து நின்னுச்சு.

கூட்டம் வந்துச்சு. மொத்தக் காடும் வந்துச்சு. யானை தலைவர்ங்கிறதால முன் வரிசையில நின்னுட்டார். பின்னாடி இருந்தவங்களுக்கு அவரோட முதுகுதான் தெரிஞ்சுது.

"இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" பொறுமையே இல்லாத கரடி கொடியை அவுத்துச்சு, கொஞ்சம் கீழே போய் வேற மரத்துல கட்டுச்சு. கூட்டமும் நல்ல பிள்ளையா கொடி பின்னாலயே நகர்ந்துச்சு.

"கரடி மாமா, என்ன பண்றீங்க?"

"ஏம்மா, யாராவது கொடியைத் தாண்டினாங்களா?"

"தாண்டலை. ஆனா..."

"தாண்டலைல்ல. அப்புறம் என்ன?"

கொஞ்ச நேரத்துல மயில், "இங்க என் தோகையில செவப்பு வெளிச்சம் சரியா விழலை"ன்னு முனகுச்சு. கரடி திரும்பவும் கொடியை இறக்கிக் கட்டுச்சு. ஒரு அணில் மட்டும் வாலைக் கொடிக்கு அந்தப் பக்கம் நீட்டிடுச்சு. அவ்வளவுதான். "வாலை எடு, காட்டுக்குன்னு ஒரு சட்டம் இல்லையா?"ன்னு எல்லாரும் சேர்ந்து அதைக் காய்ச்சி எடுத்துட்டாங்க.

குருவி யானைகிட்ட ஓடுச்சு. "ஐயா, கொடியே கீழே போய்க்கிட்டிருக்கு."

"யாராவது தாண்டினாங்களா?"

"ஐயா, நீங்களுமா?"

"ம்ம்ம். அப்ப ஒழுங்காத்தான் நடக்குது."

"பின்னாடி போங்க"ன்னு கத்துச்சு குருவி. "கொடிக்குப் பின்னாடிதானேக்கா நிக்கிறோம்"னாங்க. "சுடலையா உங்களுக்கு?"ன்னு கேட்டுச்சு. "சுடுது, சுடுது. அதுக்குத்தானே வந்ததே"ன்னாங்க. குருவி தலையைக் கொண்டுபோய்ப் பாறையில முட்டிக்கலாமான்னு யோசிச்சுது.

தாங்க முடியாம உயரப் பறந்து பார்த்துச்சு. கூட்டத்துக்கு இடப்பக்கம் கறுப்பு ஆடையில நீளமா ஒரு வெடிப்பு. உள்ளே செவப்பு மின்னுது. உடைச்சா நேரா இவங்க நிக்கிற புல்லு மேலதான் வரும். வலப்பக்கத்துப் பாறைமேடு ஒண்ணுதான் வழி.

"திட்-திட்-தித்தூ. மேட்டுக்கு ஓடுங்க. திட்-திட்-தித்தூ."

ஒருத்தரும் திரும்பலை. நரி மட்டும் கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, "திட்-திட்-தித்தூ"ன்னு அச்சா அப்படியே கத்திக் காட்டுச்சு. கூட்டமே சிரிச்சுது. யானைகூடத் தும்பிக்கையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

ஆள்காட்டி இனத்துக்கு ஒரு வித்தை உண்டு. முட்டைகிட்ட கீரியோ பாம்போ வந்தா, இறக்கை ஒடிஞ்ச மாதிரி புரண்டு, நொண்டிக்கிட்டே அதை வேற திசைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடும். குருவி நேரா வந்து கூட்டத்துக்கு வலப்பக்கம் தொப்புன்னு விழுந்துச்சு. ஒரு இறக்கையை விரிச்சுத் தரையில இழுத்துச்சு. தலைகுப்புறப் புரண்டுச்சு.

"குருவி விழுந்துடுச்சு."

"எங்க? எங்க? தள்ளு, எனக்குத் தெரியலை."

அடிபட்டுச்சான்னு ஒருத்தரும் கேக்கலை. ஆனா மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடி வந்துச்சு. குருவி நாலு தத்து தத்தும், விழும், முனகும், மறுபடி தத்தும். இடத்தைப் பிடிக்கக் கரடி முண்டுச்சு, மயில் தோகையைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு, யானை மூச்சிரைக்க வந்தார். பாறைமேட்டு உச்சிக்கு அவங்க வந்து சேர்ந்ததும், கீழே ஆடை கிழிஞ்சுது. நெருப்பு நாக்கை நீட்டிப் புல்லையும் கொடியையும் ஒரே நக்கா நக்கிட்டுப் போயிடுச்சு.

ஒருத்தருக்கும் ஒரு மயிர்கூடக் கருகலை.

குருவி எழுந்து, இறக்கையை ஒழுங்கா மடக்கிக்கிட்டு நின்னுச்சு. யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு பார்த்துச்சு.

நரி தொண்டையைக் கனைச்சுது. "அக்கா."

"சொல்லு."

"ரொம்ப நல்லா விழுந்தீங்க. ஆனா பின்னாடி வந்தவங்களுக்குச் சரியாத் தெரியலையாம். இன்னொரு தடவை விழுந்து காட்டுறீங்களா?"

குருவி வாயைத் திறந்துச்சு. கத்துறதுக்குன்னே பிறந்த அந்தத் தொண்டையில இருந்து, சத்தமே வரலை.

நீதி: ஆபத்தை வேடிக்கையாப் பார்க்கிறவங்க, தங்களைக் காப்பாத்தினவங்களையும் வேடிக்கையாத்தான் பார்ப்பாங்க.