காவல் இருந்த அறை

இருட்டிக் கொஞ்ச நேரம் கழித்துப் புறவாசலில் அந்தச் சத்தம் கேட்டது. காற்றில்லை, நாயும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுகிற மாதிரி ஒரே இழுப்பாக வந்தது.

ஐந்து வயது ஆன்சி பாயிலிருந்து எழுந்து முன்கதவுக்கு ஓடினாள். "அம்ம வாறா."

"அது தேன்பெட்டி மக்களே," என்றாள் ஜெனோவா.

பிள்ளை திரும்பியும் பார்க்கவில்லை. தினமும் போலவே தாழ்ப்பாள் போடவிடாமல் கதவடியில் உட்கார்ந்துகொண்டது. பிசைந்து வைத்த சோறு காய்ந்தது.

ஜெனோவா இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு நாலு மாசம். கணவன் பென்சிகர் லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் வருவான். அவனுடைய முதல் மனைவி லில்லி போன வருஷமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சுகமானதும் வருவாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

விடிந்ததும் ஜெனோவா கான்வென்ட் தோட்டத்துக்குப் போனாள். சிஸ்டர் பவுலா பள்ளியில் அவளுக்கு ரெண்டு வகுப்பு கீழே படித்தவர். தேனீ விஷயத்தில் இப்போது அவர்தான் ஆசான்.

"நீங்க தந்த புது ராணி ஈயத் தேனீயெல்லாம் கொன்னு போட்டுது சிஸ்டர். பந்து மாதிரிச் சுத்திக்கிட்டு."

"கூண்டோட வச்சுத்தானே விட்டீங்க?"

"மூணு நாள் வச்சேன். இப்ப ராத்திரி முழுக்க முனகுது. கேக்கவே பயமா இருக்கு."

"ராணி இல்லாத பெட்டி அப்படித்தான் முனகும். புது ராணிய வளக்க அதுங்களே கட்டுன அறையப் பிச்சு எறிஞ்சீங்களா?"



சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். பெட்டியைத் திறந்தார். அடையின் ஓரத்தில் நிலக்கடலை போல ஒரே ஒரு அறை தொங்கியது. அதை மூடிக்கொண்டு தேனீக்கள் அப்பியிருந்தன.

"சொல்லித்தானே அனுப்புனேன், அக்கா."

"பாவமா இருந்துது. பழைய ராணி நசுங்கிப் போனபிறகு அதுங்களுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதானே."

"நல்ல மனசு. அந்த மனசுதான் புது ராணியக் கொன்னுது. சொந்த ராணி வரும்னு காத்திருக்குற பெட்டி வேற ராணியச் சேக்காது."

அங்கிப் பையிலிருந்த சின்னக் கத்தியால் சிஸ்டர் அறையை அறுத்தார். புறங்கையில் மூன்று கொட்டு விழுந்தது. கையை உதறவில்லை. அறையைப் பிளந்து காட்டினார். உள்ளே கிடந்த ராணிப் புழு கருத்துச் சுருங்கியிருந்தது. நாற்றம் அடித்தது.

"இது எப்ப செத்துது?"

"அதுங்க மெழுகு வச்சு மூடுன அன்னைக்கே செத்திருக்கும்."

"அதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் காவல் இருந்துது?"

"மூடியே வச்சிருந்தா எப்படித் தெரியும்?"

திறந்து கிடந்த புறக்கதவு வழியே, வீட்டு முன்படியில் ஆன்சி ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஜெனோவா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வேற ராணி தருவீங்களா சிஸ்டர்?"

"நாளைக்கு. இன்னைக்கு ராத்திரி நல்லா அழட்டும்."

"பிச்சவ மேலதானே கோபம் வரும்? அவளுக்கு ஏற்கெனவே என்னைக் கண்டாலே ஆகாதே."

"கொட்டத்தான் செய்யும். கைய மட்டும் எடுத்துராதீங்க, அக்கா."

அன்று விளக்கு வைத்ததும் ஜெனோவா கதவடியில் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா இனி வரமாட்டாள் என்றாள். கோயிலுக்குப் பின்னால் எந்த வரிசையில், எந்தக் கல்லறையில் இருக்கிறாள் என்பதையும் சொன்னாள்.

"கள்ளம். நீ கள்ளம் சொல்லுத."

"இல்ல மக்களே."

ஆன்சி அவள் கையைப் பிடித்துக் கடித்தாள். பல் இறங்கியது. ஜெனோவா கையை அப்படியே வைத்திருந்தாள்.

புறவாசலில் பெட்டி முனகத் தொடங்கியது. இந்த முறை பிள்ளை எழுந்து ஓடவில்லை. அழுது அழுது குரல் கம்மிய பிறகு கேட்டாள்.

"அங்க கதவு உண்டா?"

"இல்ல."

ஆன்சி எழுந்தாள். ரோட்டை ஒருதரம் பார்த்தாள். கதவைச் சாத்தி, எம்பி நின்று, ரெண்டு கையாலும் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.